குளிரில்லா ஊரில் ஒரு குளிராடை

வரைபடத்தில் ஊட்டியின் மேல் விரலை வைத்து நேர் கிழக்கே கடலைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனால், விரல் கிட்டத்தட்ட எங்கள் ஊரில் வந்து நிற்கும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரும் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. ஆனாலும் ஜனவரி விடியற்காலையில் அங்கே புல்மேல் உறைபனி கிடக்கும். இங்கே எங்கள் டெய்ரி ஃபார்ம் பகுதியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதே காரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும்.

குளிரே இல்லாத ஊரில் குளிராடை எதற்கு? டெய்ரி ஃபார்மில் எத்தனையோ வீட்டு பீரோக்களில் ஸ்வெட்டர் இருக்கிறது. எல்டிசி பயணச் சலுகையில் மெயின்லேண்டைச் சுற்றிப் பார்க்கப் போகும் அரசு ஊழியர்கள், டெல்லியில் படிக்கும் பிள்ளைகள், குன்னூரில் பெண் கொடுத்தவர்கள் என்று குளிரோடு உறவு உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. புறப்படும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த தடித்த ஜாக்கெட்டை வாங்குகிறோம். பத்து நாள் உடுத்துகிறோம். மீதி வருஷம் முழுக்க அது இந்த ஈரக்காற்றில் தொங்கிப் பூஞ்சை பிடிக்கிறது. அதனால் தீவுக்காரர்கள் குளிராடையில் எண்ணிக்கையைக் குறைத்துத் தரத்தைக் கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படை எளியது. உடம்பைச் சூடாக்கும் துணி என்று ஒன்றும் கிடையாது. உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் காற்றுதான் உண்டு. ஒரே தடித்த துணியைவிட மூன்று மெல்லிய துணிகள் அதிகக் காற்றைப் பிடிக்கும். உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் பனியன், நடுவில் கம்பளி ஸ்வெட்டர், மேலே ஒரு சால்வை அல்லது போர்வை. காதுக்கு மஃப்ளர். மார்கழிப் பனியில் முதலில் காதை மூடச் சொன்ன நம் பாட்டிகள் சரியாகத்தான் சொன்னார்கள். ஸ்வெட்டர் அசல் கம்பளியா என்று தெரிய, தையலோரத்தில் ஓர் இழை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாடையோடு தானே அணைந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகிவிடும். ஊட்டி திபெத்தியர் கடைவீதியில் இந்தச் சோதனை மிகவும் உதவும்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது அடுக்கைப் பற்றி. உள்ளே இருப்பவை யார் கண்ணிலும் படுவதில்லை. பழைய ஸ்வெட்டரையே உடுத்தியிருந்தாலும் மேலே போடுவது நன்றாக இருந்தால் ஆள் முழுக்கப் புதிதாகத் தெரிவார். லடாக் ஆட்டின் 12 முதல் 16 மைக்ரான் இழையில் நெய்யும் பஷ்மினாவின் அருமை எனக்குத் தெரியும். தொட்டால் தொட்டதே தெரியாத மென்மை அது. ஆனாலும் ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னால் நான் நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியைத்தான் கை காட்டுவேன்.

பூத்துக்குளி கம்பளி ஆடை அல்ல. வெள்ளைப் பருத்தித் துணி. தோடர் நெய்வதில்லை, சமவெளித் தறியில் நெய்த துணி மலையேறி வருகிறது. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளுக்கு இடையிலும் ஓரத்திலும் பெண்கள் கம்பளி நூலால் பூவேலை செய்கிறார்கள். துணியை இரண்டாக மடித்து உடுத்தும்போது இரு மடிப்புக்கும் நடுவே காற்று நிற்கிறது. உறைபனி விழும் மலையில் பருத்தி போதுமாக இருப்பதன் சூட்சுமம் இதுதான்.

வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். சட்டம் இல்லை, பென்சில் கோடு இல்லை, முன்னால் விரித்துவைத்த மாதிரிப் படம் இல்லை. துணியின் பாவு, ஊடு இழைகளை எண்ணி எண்ணி ஊசி நுழைகிறது. எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்தப் பெண்ணின் விரலிலும் நினைவிலும் இருக்கிறது. ஓர் இழை பிசகினாலும் எருமைக் கொம்புக் கோலம் கோணிவிடும். துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பதால், நூல் திரும்பும் இடங்களில் சின்னச் சின்ன மேடுகள் எழுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே கோலம் கையில் புரியும். இருபுறமும் உடுத்தலாம். ஆனால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும் பக்கத்தையே தோடர் வெளிப்பக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். வழவழப்பை அழகென்று பழகிய நமக்கு இது புதிய பாடம். அந்தச் சொரசொரப்பில் சாய்வான மலைவெயில் விழும்போது சிவப்பு தீக்கங்காக எழும்.

இடது தோளை மூடி, வலது கையை விடுவித்து அவர்கள் உடுத்தும் அழகு தனி. கை வேலை செய்யலாம், துணி நழுவாது. இறந்தவர்களை இதே துணியில் போர்த்தி அனுப்புவது அவர்கள் வழக்கம். அதனால்தான் இதை வெறும் நினைவுப்பொருளாக வாங்கிச் சுவரில் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. போர்த்திக்கொள்ளத் தகுதியான துணியைப் போர்த்திக்கொள்வதே அதற்குச் செய்யும் மரியாதை. கறுப்பு அல்லது கரும்பச்சை ஸ்வெட்டரின் மேல் போட்டுப் பாருங்கள். வேறு நகை வேண்டாம், வேறு நிறம் வேண்டாம். பூப்போட்ட உடையின் மேல் மட்டும் போடாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அதே கோலத்தை இயந்திரத்தில் தைத்த துண்டுகளும், அச்சடித்த சால்வைகளும் விற்கின்றன. வாங்குமுன் துணியைத் திருப்புங்கள். அச்சு என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். இயந்திரத் தையலில் பின்பக்கம் வேறொரு நூல் ஓடும், சில நேரம் தாள் போன்ற ஒட்டும் இருக்கும். கைவேலையில் இரண்டு பக்கமும் பேசும். தையல்கள் ஒரே அச்சாக இல்லாமல், இங்கொன்று அங்கொன்று மூச்சு விட்டதுபோல் லேசாக நெகிழ்ந்திருக்கும்.

இனி இங்கே கொண்டுவந்து காப்பாற்றுவது. அந்துப்பூச்சியின் புழு பருத்தியை விட்டுவிட்டுக் கம்பளி நூலைத்தான் தின்னும். அதாவது பூவேலையை மட்டும் தின்றுவிட்டு வெற்றுத் துணியை மிச்சம் வைக்கும். வேர்வையோ எண்ணெயோ பட்ட துணியைத்தான் அது முதலில் தேடும். ஆகவே உடுத்தியதை அப்படியே மடித்து வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் மென்சோப்பிட்டு அலசி, முறுக்காமல் நிழலில் காயவையுங்கள். சிவப்பு வெள்ளையில் இறங்காமலிருக்க நீரில் ஊறவிடக் கூடாது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் தீவில் மழை குறைந்திருக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை வராந்தாவில் விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் இழை அங்கேயே அறும்.

விலை அதிகம்தான். ஒரு முழுப் போர்வைக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. பேரம் பேசாமல் கொடுங்கள். அவ்வளவு பணம் இல்லையென்றால் ஓரத்தில் மட்டும் பூவேலை உள்ள சிறிய சால்வையோ மஃப்ளரோ வாங்கலாம், அதிலும் அதே கைதான் எண்ணித் தைத்திருக்கும்.