ஸ்பைனா, நேர்ப்பார்வையா?

பூச்சி போன்ற செயற்கை இரையான ஃபிளையை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோலைத் தங்கள் கையாலேயே கட்டிக்கொள்பவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறைய உண்டு. பிளாங்க் எனப்படும் வெறுங்கோலைத் துண்டுகளாக வாங்கி, கார்க் கைப்பிடி, இழையைச் சுற்றிவைக்கும் ரீல் அமரும் ரீல் சீட், இழையை வழிநடத்தும் கைடு வளையங்கள் எல்லாவற்றையும் தாங்களே பொருத்தி, நூல் சுற்றி, எபாக்சி பூசி முடிப்பார்கள். இன்று பரவலாக விற்பது 9 அடி நீளம், நான்கு துண்டு. அந்த நான்கையும் எந்தப் பக்கம் திருப்பிச் சேர்ப்பது, கைடுகளை எந்தப் பக்கம் கட்டுவது என்று கேட்டால் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் விடை, “முதலில் ஸ்பைனைக் கண்டுபிடி” என்பதே. இந்த வழக்கத்தின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைத் தேடக் கையாளும் முறைதான் தவறு என்பேன்.

ரெசின் ஊறிய கார்பன் இழைத் தாளை, நுனி நோக்கி ஒடுங்கும் எஃகுக் கம்பியின் மேல் சுருட்டி, நாடாவால் இறுக்கி, சூளையில் இட்டுக் கெட்டிப்படுத்தியபின் கம்பியை உருவிவிட்டால் பிளாங்க் கிடைக்கும். சுருளின் தொடக்கமும் முடிவும் விழும் இடத்தில் சுவர் இம்மியளவு தடிக்கும். அதனால் கோல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாது. வளைய மறுக்கும் அந்தப் பக்கம்தான் ஸ்பைன்.

இது ஏன் பொருட்படுத்தத்தக்கது? ஃபிளை வீச்சில் தூண்டில் முனையில் எடை கிடையாது. லைன் எனப்படும் கனமான தூண்டில் இழைதான் எடை. அது காற்றில் நேராக விரிய வேண்டுமானால் கோலின் நுனி ஒரே தளத்தில் போய்வர வேண்டும். விறைப்பான திசையும் இளகிய திசையும் வீச்சின் தளத்துக்குச் சாய்வாக அமைந்துவிட்டால், நேராக இழுத்தாலும் நுனி சற்றே பக்கவாட்டில் ஒதுங்கும். இயந்திரவியல் இதை ஒப்புக்கொள்கிறது. ஸ்பைன்காரர்களின் வலுவான வாதமும் இதுதான்.

ஆனால் எவ்வளவு ஒதுங்கும்? இரு திசைகளின் விறைப்பும் 2 சதவீதம் வேறுபடுவதாக வைத்துக்கொள்வோம். சாய்வு மிக மோசமாக, 45 பாகையாக இருந்தாலும், பக்கவாட்டு விலகல் வளைவில் ஏறத்தாழ 1 சதவீதமே. நுனி ஒரு மீட்டர் வளைந்தால் ஒரு சென்டிமீட்டர். வீசுபவரின் கை நினைத்த தளத்திலிருந்து 5 பாகை தவறினாலோ அதே ஒரு மீட்டரில் விலகல் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். நல்ல வீச்சாளருக்கும் கை அந்த அளவு தவறுவது உண்டு.

அடுத்தது ஸ்பைனைக் கண்டுபிடிக்கும் சோதனை முறை. துண்டின் ஒரு முனையை வழவழப்பான மேசையில் ஊன்றி, மறுமுனையை விரல்களில் தாங்கி, நடுவே அழுத்தியபடி உருட்டுவார்கள். ஓரிடத்தில் கோல் சட்டென்று துள்ளி, தானாக ஒரு நிலையில் அமரும். அங்கே பென்சிலால் கோடு. கையில் உணரக்கூடிய தெளிவான துள்ளல் என்பதால் இந்தச் சோதனைமேல் பலருக்கும் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் ஒரு கோல் இந்தப் பக்கம் வளைய இளகியது என்றால், நேர் எதிர்ப்பக்கம் வளையவும் ஏறக்குறைய அதே அளவு இளகியதாகத்தான் இருக்கும். விறைப்பு வேறுபாடு மட்டுமே காரணமானால், ஒரு முழுச் சுற்றில் எதிரெதிரே இரண்டு இடங்களில் கோல் ஒரே மாதிரி அமர வேண்டும். பல துண்டுகள் ஓரிடத்தில் மட்டுமே அழுத்தமாக அமர்கின்றன. அப்படி அமர்த்துவது பிளாங்கில் பிறப்பிலேயே உள்ள சிறு கோணல். உருட்டல் சோதனை அந்தக் கோணலைக் காட்டிவிட்டு ஸ்பைனைக் காட்டியதாகப் பெயர் வாங்கிக்கொள்கிறது. பேரிங் பொருத்திய கருவியில் உருட்டினாலும் இந்தக் குழப்பம் தீராது.

ஸ்பைனை அறிந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு கால்ஃப் மட்டை செய்பவர்களிடம் நேர்மையான வழி இருக்கிறது. அடிமுனையைப் பிடிப்பானில் இறுக்கி, நுனியில் சிறு எடை கட்டிச் சுண்டிவிடுவது. சுண்டிய திசை விறைப்புத் திசையோடோ இளகிய திசையோடோ பொருந்தினால் நுனி கோடுபோல ஆடும். பொருந்தாவிட்டால் ஆட்டம் நீள்வட்டமாகிவிடும். கோணல் இந்தச் சோதனையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தூண்டில் கட்டுபவர்களிடையே இது ஏன் பரவவில்லை என்பது எனக்கு வியப்பு.

ஸ்பைனுக்கு மாறிக் கட்டினால் மீன் இழுக்கும்போது கோல் கைக்குள் முறுக்கிக்கொள்ளும் என்ற அச்சமும் உண்டு. அந்த முறுக்கத்துக்குக் காரணம் கைடுகளின் இடம் என்று ‘ராட்மேக்கர்’ இதழின் ஆசிரியர் டாம் கிர்க்மன் நீண்ட நாளாகச் சொல்லிவந்திருக்கிறார். மேற்பக்கம் கைடு கட்டிய காஸ்டிங் கோலில், இழுக்கப்படும் லைன் கோலைப் புரட்டிக் கீழே வரத் துடிக்கும். ஃபிளை கோலில் கைடுகள் ஏற்கெனவே கீழேதான் தொங்குகின்றன. மீனோடு போராடும்போது அந்த நிலை தானே நிலைக்கும்.

ஆகவே நேர்ப்பார்வை முறையின் பக்கமே நான் நிற்கிறேன். துண்டுகளைச் சேர்த்து, அடியிலிருந்து ஒரு கண்ணால் நோக்கி, கோல் அதிகபட்சம் நேராகத் தெரியும் அச்சைத் தேர்வது. மிஞ்சும் கோணலை மேல்நோக்கி வைத்தால், கீழே தொங்கும் கைடுகளின் எடையே அதைத் தாழ்த்திச் சமன் செய்யும். பக்கவாட்டுக் கோணலை மட்டும் விடவே கூடாது. எந்தப் பக்கம் திருப்பியும் நேராகாத துண்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பென்சில் கோடு போட்டதோடு நிறைவடைந்தவர் இந்தக் குறையைப் பார்ப்பதே இல்லை.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே நோக்கி அச்சைக் குறிப்பவர்கள் பலர். துண்டுகள் ஒன்றோடொன்று இணையும் பொருத்துவாய் இம்மி சாய்ந்திருந்தாலும் தனித்தனியே நேரான நான்கு துண்டுகள் சேர்ந்து கோணிவிடும். கோலை முழுதாகப் பொருத்தி, ஒவ்வொரு வாயையும் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவர் மிகவும் ஏறுமாறாகத் தடித்த மட்டமான பிளாங்க் கண்ணுக்கு நேராகத் தெரிந்தே தப்பிவிடும் என்பதும் உண்மை. மலிவான பிளாங்க் வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மூங்கில் கோல்களில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ஆறு முக்கோணப் பட்டைகளை ஒட்டிய ஒழுங்கான அறுகோணம், கணக்கின்படி, எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு உடையது. அங்கே கட்டுபவரின் கவலை கணுக்களை ஒரே இடத்தில் விழாமல் தள்ளித் தள்ளி வைப்பதும், ஆறு தட்டைப் பக்கங்களில் எது கைடுக்கு ஏற்றது என்பதும்தான்.

கோலை இவ்வளவு அலசுபவர்கள் கைடுகளின் வரிசையில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள் என்பதே என் பெரிய வருத்தம். ரீல் சீட்டுக்குக் கைடுகள் நேராக நிற்காவிட்டால் எந்த அச்சைத் தேர்ந்தும் பயனில்லை. வெறும் சீட்டைப் பார்த்துக் கணிக்காமல், ரீலையே மாட்டிவிட்டு நோக்க வேண்டும். ஒவ்வொரு கைடும் கோலின் இருபுறமும் சம அளவு தெரிகிறதா என்று அடியிலிருந்தும் நுனியிலிருந்தும் பார்க்க வேண்டும். நூல் சுற்றியபின்னும் கைடின் காலை விரலால் மெல்ல நகர்த்தலாம். நுனி வளையத்தைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டியிருந்தால் அதையும் திருப்பலாம். லைனைக் கோத்து, கோலை வளைத்து, லைன் அந்த வளைவோடு ஒட்டிப் போகிறதா என்று சரிபார்ப்பதும் அப்போதே முடிய வேண்டும். எபாக்சி இறுகிவிட்டால் நூலை அறுத்து மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.