வளராத குழந்தை

“ஜெய் பீம்” படம் 2021 நவம்பரில் வெளிவந்தபோது நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் ஒன்றைக் கொண்டாடினால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும், கெட்ட சுபாவந்தான். போன மாதம் மயிலாப்பூரில், எங்கள் மாடி வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஹைகோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர்.

நல்ல படம், சந்தேகமில்லை. செங்கேணியாக வரும் லிஜோமோள் ஜோஸ் வயிற்றுப் பிள்ளையோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது எனக்குத் தொண்டையை அடைத்தது. கோர்ட்டுக் காட்சிகளிலும் டைரக்டர் ஞானவேல் கையைத் தளரவிடவில்லை. கடைசியில் வக்கீல் சந்துரு பத்திரிகை படிக்கிறார். பக்கத்தில் குட்டிப் பெண் அல்லியும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒரு பத்திரிகையைப் பிரிக்கிறாள். பார்த்தவர்கள் எல்லாரும் நெகிழ்ந்துபோகும் இடம் அது. மாடி வீட்டுக்காரர் மட்டும், “குழந்தை வளரவே இல்லையே, ஸார்!” என்றார். 

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதைக்கு மூலமான சம்பவம் கடலூர்ப் பக்கம் 1993-ல் நடந்தது. போலீஸ்காரர்களுக்கு ஹைகோர்ட்டு தண்டனை விதித்தது 2006-ல். பதின்மூன்று வருஷம்! நிஜ வாழ்வில் வாதாடிய கே. சந்துருவே அந்த 2006-ல் ஹைகோர்ட்டு நீதிபதியாகிவிட்டார். அல்லி மாத்திரம் பாவாடை கட்டிய குழந்தையாகவே இருக்கிறாள். 

கதை எழுதுகிறவர்களுக்கு இது பழகின தந்திரம். “வருஷங்கள் உருண்டோடின” என்று ஒரு வரி போட்டு நானே எத்தனையோ பேரைக் கிழவர்களாக்கியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதையில் அந்த வருஷங்கள்தாமே கொடுமை! லாக்கப்பில் அடித்தவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, படம் பிடித்துவிடலாம். வாய்தாவுக்கு முகம் ஏது? ஆட்கொணர்வு மனு என்பதே “ஆளை உடனே கொண்டுவந்து நிறுத்து” என்று கேட்கும் மனு. அதை அவசரமாக எடுத்துக்கொள்கிற கோர்ட்டுதான், பின்னால் வருகிற விசாரணைக்கும் அப்பீலுக்கும் அவசரத்தை மறந்துவிடுகிறது.

பீகாரில் ருதுல் ஷா என்று ஒருவர். 1968 ஜூனில் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. சிறைக் கதவு திறந்தது 1982 அக்டோபரில். மறு வருஷம் சுப்ரீம் கோர்ட்டு, முன்பே கொடுத்திருந்த 5,000 ரூபாய் போக இன்னும் 30,000 கொடுக்கச் சொல்லிற்று. நஷ்டஈடு போதாதென்றால் தனியாக ஒரு சிவில் வழக்குப் போட்டுக்கொள்ளலாமாம்! பதினான்கு வருஷம் உள்ளே இருந்த மனுஷனிடம் இன்னொரு வரிசையில் போய் நில் என்கிறார்கள். 

“நான் பார்த்த ஒரு கட்டில் கயிறு இற்றுப்போய் இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன்” என்றார் மாடி வீட்டுக்காரர். அந்தக் கயிறு படத்தில் இல்லையே என்பதுதான் என் குறை. வேறொன்றும் வேண்டாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் செங்கேணி மகளின் பாவாடை மடிப்பைப் பிரித்துக் கீழே இறக்கித் தைக்கிறாள். இறக்க மடிப்பில்லாமல் போன வருஷமும் வழக்குக்கு வாய்தா. இப்படி இரண்டு நிமிஷம் காட்டியிருக்கலாம். 

சொன்னேன். “யார் ஸார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு, அவர் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.