அளவுகோலும் அளக்கப்படுவோரும்: தோட்டப்புறப் பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனை பற்றிய ஒரு நோக்கு

நுண்ணறிவை அளக்கும் வினாக்கள் மொழியையும் வாழ்க்கைச் சூழலையும் கடந்தவை என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இடம்பெறும் நுண்ணறிவு வினாக்களுக்கு அடிப்படையாக அமைவதும் இவ்வெண்ணமே. இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகலத் தோட்டப்புறத்தை மனங்கொண்டு இதனை ஆராய்வோம்.

'மலை, ஆறு, கடல், வயல் ஆகியவற்றுட் பொருந்தாதது யாது?' என்றொரு வினாவை எடுத்துக்காட்டாக அமைத்துக்கொள்வோம். மனிதரால் ஆக்கப்பட்ட வயலே எதிர்பார்க்கப்படும் விடை. ஆயின், தோட்டத் தமிழில் மலை என்பது தேயிலை பயிராகும் நிலத்தையும் குறிக்கும்; கொழுந்து பறிக்கச் செல்வதை 'மலைக்குப் போதல்' என்பர். அவ்வழக்கில் வளர்ந்த பிள்ளைக்கு மலையும் வயலும் உழைக்கும் இடங்கள். அப்பிள்ளை தடுமாறின், குறை சிந்தனையிலன்று, வினாவிலேயே உளது. சோவியத் உளவியலாளர் லூரியா 1931-32இல் உஸ்பெக்கிஸ்தானில் நிகழ்த்திய ஆய்வும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுத்தியல், வாள், கோடரி, மரக்குற்றி ஆகியவற்றுள் மரக்குற்றியை விலக்க அங்குள்ள உழவர் மறுத்தனர். மரமின்றிக் கருவிகளாற் பயனில்லை என்பது அவர்தம் நியாயம்.

மாவட்டந்தோறும் மொழிமூலந்தோறும் வெட்டுப்புள்ளி வேறாக வகுக்கப்படுவதால் இக்குறை நீங்குமெனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. இரத்தினபுரித் தமிழ்மொழிமூலத்தில் தோட்டப் பிள்ளைகளும் நகர்ப்புற முஸ்லிம் பிள்ளைகளும் ஒருங்கே அடங்குவர். அவர்தம் பேச்சுவழக்கும் வாழ்க்கையும் ஒன்றல்ல. அன்றியும், வெட்டுப்புள்ளி விளைவைத் திருத்துமேயன்றி அளவுகோலைத் திருத்தாது. புள்ளி வேறுபாட்டுக்குக் காரணம் வினாவா, பாடசாலையின் வளக்குறைவா என்பதை எண்கள் தாமே உரைப்பதில்லை. காரணத்தை ஆராயாது மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிசெய்யும் முறை எத்துணைக் கசப்பை விளைவிக்கும் என்பதற்கு, 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலே சான்று.

ஆகவே வினாக்களைத் தனித்தனியே சோதித்தல் வேண்டும். ஒரே மொத்தப் புள்ளி பெற்ற தோட்டப்புற, நகர்ப்புறப் பிள்ளைகளை ஒப்பிடுகையில், ஒரு குறித்த வினாவை ஒருசாரார் மட்டும் பெரிதும் தவறவிடின், அவ்வினா ஐயத்துக்குரியது. அத்தகைய வினாக்களைத் தோட்ட வழக்கறிந்த ஆசிரியர் ஆராய்ந்து திருத்தவோ நீக்கவோ வேண்டும். பாடசாலைகளின் வளக்குறையைப் போக்கும் கடமை இதனாற் குறைந்துவிடாது. இரண்டும் உடன் நிகழவேண்டியன.

உயர்தரப் பாடசாலையிற் சேரும் வாய்ப்பும் உதவிப்பணமும் இப்பரீட்சையில் தங்கியுள்ளன. பத்து வயதுப் பிள்ளையின் மதியை அளக்கப் புகுவோர், அப்பிள்ளையின் மொழியை முதலில் அறிதல் கடன்.