மூடியில் தெரியும் கைவேலை

தகர டின்னின் தரத்தை அதன் மூடியே காட்டிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்து நகரத்தார் ஊர்களான ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி போன்றவற்றின் பெரிய வீடுகளில் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அங்கே சாமான் அறைகளில் பித்தளை அண்டா, மங்குத் தூக்கு, எவர்சில்வர் சம்படம், தகர டின், டிரங்குப் பெட்டி எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கின்றன. உடையவர் பெயரோ தலைப்பெழுத்தோ பொறித்த பாத்திரங்களும் உண்டு.

எந்தப் பொருள் எந்த உலோகத்தில் இருக்கலாம் என்பதில் அந்த வீடுகளின் ஆச்சிமார் கறாரானவர்கள். புளியைப் பித்தளையில் வைத்தால் களிம்பேறும். அது ஜாடிக்குப் போகும். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் ஆகிய பலகாரங்களுக்குத் தகர டின்தான்.

தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் வெள்ளீயம், இரும்பின் மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. உணவை எளிதில் கெடுப்பதில்லை. கீறல் விழுந்தால் மட்டும் ஆபத்து. வாளிக்குப் பூசும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெள்ளீயத்துக்கு அந்தக் குணம் கிடையாது. கீறிய இடத்தில் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும். டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் துணியால் துடைத்து வெயிலில் காயவைப்பது இதனால்தான்.

வீட்டு டின்களில் பல, மண்ணெண்ணெய் டின்னாகவோ எண்ணெய் டின்னாகவோ பிறந்தவை. மண்ணெண்ணெய் வந்த சதுர டின் 4 காலன், ஏறத்தாழ 18 லிட்டர், கொள்ளும். அதற்கான தகட்டை இந்தியாவிலேயே செய்ய, பர்மா ஆயில் கம்பெனியும் டாடாவும் சேர்ந்து 1920இல் ஜாம்ஷெட்பூரில் டின்பிளேட் கம்பெனியைத் தொடங்கின. நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய காலமும் அதுவே. காலியான டின்னின் மேல்தட்டை வெட்டி, குறுக்கே கட்டை அடித்தால் தண்ணீர் சுமக்கலாம். வட்ட வாய் வைத்து மூடி போட்டால் முறுக்கு டின்.

இந்த மூடியில்தான் தகர வேலைக்காரரின் கை தெரிகிறது. வாயின் விளிம்பை வெட்டியபடி விட்டால் கையைக் கிழிக்கும். அதைக் கம்பியின் மேல் சுருட்டி மரச்சுத்தியால் தட்டுவார். பக்கங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோத்த பிறகே ஈயப்பற்று. பலத்தைத் தருவது மடிப்பு, இடைவெளியை அடைப்பதுதான் பற்றின் வேலை. மூடியின் விளிம்பு இரண்டு விரல் ஆழமாவது இறங்கவேண்டும். அழுத்தும்போது உள்ளிருக்கும் காற்று மெல்ல எதிர்க்கவேண்டும். அப்படிப்பட்ட டின்னில் மழைக்காலத்திலும் முறுக்கு நமுத்துப்போகாது.

மங்குச் சாமான்களின் அழகு வேறு வகை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சூளையில் உருக்கி ஒட்டியவை அவை. ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் எனப் பல நாடுகளிலிருந்து வந்தன. நீல விளிம்பிட்ட அடுக்குத் தூக்கை மிஞ்ச எவர்சில்வரால் முடியவில்லை. புளிப்புக்கும் அஞ்சாது, கீழே போட்டால் மட்டும் பூச்சு தெறித்து, அந்த இடம் கறுத்து அரிக்கும்.

பழைய சாமான்கள் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வருகின்றன. வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது வண்ணத்தை அல்ல. மூடியைத் திருப்பிப் போட்டாலும் அதே இறுக்கம் இருக்கிறதா, அடிப்பகுதியின் மடிப்பில் துரு இறங்கியிருக்கிறதா என்பதைத்தான். அடிமடிப்பு அரித்துவிட்டால் அதற்கு மேல் பற்று வைத்தாலும் நிற்காது.