ஆம்ஹி, நாங்கள், நாம்: மராத்தித் தன்வரலாறுகளைத் தமிழாக்குவதில் சில சிக்கல்கள்

1. முன்னுரை

மும்பை மாநகரின் வடாலாப் பகுதியில் தென்னிந்தியர் நல்வாழ்வுச் சங்கத்தின் கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ளன. தலித் பாந்தர் இயக்கம் 1972இல் தோன்றிய காலத்தில் அதன் இளைஞர்களும் எழுத்தாளர்களும் கூடிய இடங்களுள் ஒன்றான சித்தார்த் விஹார் மாணவர் விடுதியும் அதே வடாலாவைச் சேர்ந்தது. அருகில் மாதுங்காவும் தாராவியும் தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்துவரும் இடங்கள். மராத்தியும் தமிழும் அன்றாட வாழ்வில் இவ்வளவு நெருங்கி வழங்கும் இடங்கள் மிகச் சில. ஆயினும், இங்கு எழுந்த இயக்கத்தோடு தொடர்புடைய மராத்தித் தன்வரலாறுகள் பிறமொழி வாசகரைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே சென்றடைந்துள்ளன. அடுத்த வீட்டுப் பேச்சைக் கடல் கடந்து கேட்பதற்கு ஒப்பான நிலை இது.

ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொள்ளும்போது நடை நயம் குறையும் என்பது பலரும் அறிந்த குறை. அதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. மராத்திக்கும் தமிழுக்கும் பொதுவாக உள்ளனவும் ஆங்கிலத்தில் இல்லாதனவுமாகிய இலக்கணக் கூறுகள் இடைவழியில் அழிந்துபோகின்றன. மூலத்தில் இருந்து, பெயர்ப்பு மொழியிலும் இருந்து, நடுவில் மட்டும் இல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் ஊகத்தால் நிரப்ப வேண்டியதாகிறது. தன்வரலாற்றில் அந்த ஊகம் பேசுவோர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்னும் அடிப்படையையே மாற்றிவிடக்கூடும். சில நூல்களின் தலைப்புகளையும் மராத்தித் தன்மை வடிவங்களையும் கொண்டு இதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வகைமையின் பெயர்

மராத்தியில் தன்வரலாற்றைக் குறிக்க ‘ஆத்மசரித்ர’ என்னும் சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. தலித் எழுத்தாளரின் நூல்களைக் குறிக்கும்போது ‘ஆத்மகதன்’ என்னும் சொல்லே பெருவழக்காயிற்று. முன்னது வாழ்ந்து முடித்த சான்றோர் தம் வாழ்வை வரிசைப்படுத்திச் சொல்வது. பின்னது சொல்லுதல் என்னும் செயலையே முதன்மையாகக் கொண்டது. தமிழில் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ முதலியன முன்னைய மரபைச் சார்ந்தவை. புலமையும் கலையும் வளர்ந்த வரலாறு அவற்றில் தனி ஒருவரின் வாழ்வின் வழியே கூறப்படுகிறது. பாமாவின் ‘கருக்கு’ (1992), கே. ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) ஆகியவை பின்னதற்கு நெருக்கமானவை. இவற்றில் ‘நான்’ என்பது பல இடங்களில் ‘நாங்கள்’ என்பதற்குள் அடங்கியே வருகிறது. ஆத்மகதன் என்பதைச் ‘சுயசரிதை’ எனப் பெயர்ப்பதைவிடத் ‘தன்கூற்று’ எனப் பெயர்ப்பது பொருந்தும்.

3. உளப்பாடும் விலக்கும்

தன்மைப் பன்மையில் கேட்போரை உளப்படுத்துவதும் உளப்படுத்தாததும் ஆகிய வேறுபாடு தமிழில் தொன்மையானது. பழந்தமிழில் ‘நாம்’, ‘யாம்’ என்றும், இன்று ‘நாம்’, ‘நாங்கள்’ என்றும் அது நிலைபெற்றுள்ளது. மராத்தியில் ‘ஆபண்’ கேட்போரை உளப்படுத்தும்; ‘ஆம்ஹி’ உளப்படுத்தாது. இந்தோ-ஆரிய மொழிகளுள் மராத்தி, குஜராத்தி ஆகியவற்றில் காணப்படும் இவ்வேறுபாட்டைத் திராவிட மொழிகளின் தொடர்பால் விளைந்ததாக மொழியியலார் கருதுவர். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘வி’ என்னும் ஒரு சொல்லே உண்டு.

ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் இணைந்து அம்பேத்கர் இயக்கப் பெண்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து வெளியிட்ட நூலின் (1989) தலைப்பு ‘ஆம்ஹிஹி இதிஹாஸ் கடவலா’ என்பது. 2008இல் வந்தனா சோனால்கரின் ஆங்கிலப் பெயர்ப்பு ‘வி ஆல்ஸோ மேட் ஹிஸ்டரி’ என்று வந்தது. சொல்லளவில் இது சரியானதே. ஆயினும் இத்தொடரை மட்டும் காணும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘நாமும் வரலாறு படைத்தோம்’ என எழுதினால் இலக்கணப் பிழை ஏதும் தோன்றாது. பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். ‘நாமும்’ என்பது வாசகரையும் சேர்த்துக்கொண்டு பெருமிதம் கொள்வது. ‘ஆம்ஹிஹி’ என்பதோ தம்மை வரலாற்றினின்று நீக்கியவர்களை எதிரே நிறுத்தி ‘நாங்களும்’ என்று சொல்வது. அந்த உம்மையின் ஆற்றல் முழுவதும் விலக்குப் பன்மையைச் சார்ந்தே நிற்கிறது.

பேபி காம்பளேயின் தன்வரலாறு 1986இல் ‘ஜிண ஆமுச்ச’ என்ற பெயரில் நூலாக வந்தது. ‘ஆமுச்ச’ என்பது ‘எங்களுடைய’ என்னும் விலக்குப் பன்மை வேற்றுமை வடிவம். ‘ஜிண’ என்பதோ ‘ஜீவன்’ என்னும் வடசொல்லின் உயர்வழக்கு அன்று, நாட்டுப்புற வழக்கு. தமிழில் ‘வாழ்வு’, ‘வாழ்க்கை’, ‘பிழைப்பு’ என்னும் மூன்றனுள் ‘பிழைப்பு’ என்பதே இதற்கு அண்மையது. உயிரோடிருத்தலும் அதற்கான பாடும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கும். ‘எங்கள் பிழைப்பு’ என்பது தலைப்பின் இரு கூறுகளையும் காக்கும். 2008இல் மாயா பண்டித் செய்த ஆங்கிலப் பெயர்ப்பின் தலைப்பு ‘தி ப்ரிசன்ஸ் வி ப்ரோக்’ என்பது. நூலின் விடுதலை நோக்கை அது எடுத்துக்காட்டுகிறது. புதிய வாசகரை ஈர்க்கவும் செய்கிறது. ஆயினும் நிலையைக் கூறும் தலைப்பு, வெற்றியைக் கூறும் தலைப்பாக அங்கு மாறியுள்ளது. அதன்வழித் தமிழுக்கு வருவோர் ‘நாம் உடைத்த சிறைகள்’ என்றோ ‘நாங்கள் உடைத்த சிறைகள்’ என்றோ எழுத வேண்டிவரும். எது சரி என்பதை ஆங்கிலத் தொடர் சொல்லாது. மராத்தித் தலைப்பு ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

இவ்வகை நூல்களில் கூற்று எப்போதும் ஒரே திசையில் செல்வதில்லை. ஒடுக்கியோரை நோக்கிச் செல்கையில் விலக்குப் பன்மையும், தம் மக்களையே இடித்துரைக்கத் திரும்புகையில் உளப்பாட்டுப் பன்மையும் வருவது இயல்பு. அத்திருப்பத்தைக் காட்டும் ஒரே அடையாளம் சில இடங்களில் இம்மூவிடப் பெயராகவே இருக்கும். அதனை இழந்த பெயர்ப்பில் குற்றச்சாட்டும் தன்னாய்வும் ஒரே குரலில் ஒலிக்கும்.

4. வினைமுற்று தரும் இடரும் துணையும்

நன்னூலார் அம், ஆம் என்னும் ஈறுகள் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னொடு படுக்கும் என வகுத்தார். இன்றைய தமிழில் ஓகார ஈறு இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. ‘போனோம்’ என்பதற்கு ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் எழுவாயாகலாம். மராத்தியிலும் ‘ஆம்ஹி கேலோ’, ‘ஆபண் கேலோ’ என வினை மாறுவதில்லை. எனவே மூலத்தில் எழுவாய் தொக்கு நிற்கும் இடங்களில் தமிழிலும் அதனைத் தொக்கு நிறுத்தினால் மூலத்தின் ஐயம் அவ்வாறே காக்கப்படும். ஆங்கிலம் எழுவாயை வலிந்து கேட்கும் மொழியாதலின், இடைமொழி வழி வருவோர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு ‘வி’யும் அவர்களை ஒரு தேர்வுக்கு உட்படுத்துகிறது.

மராத்தியிலிருந்து நேரே வருவோர்க்கும் தனி இடர் ஒன்று உண்டு. செயப்படுபொருள் குன்றிய வினையின் இறந்தகாலத்தில் ஆண்பால் ஒருமையும் பன்மையும் ஒரே வடிவின. ‘மீ கேலோ’ என்பது ‘நான் போனேன்’. ‘ஆம்ஹி கேலோ’ என்பது ‘நாங்கள் போனோம்’. எழுவாய் தொகும்போது ‘கேலோ’ என்பது இரண்டையும் குறிக்கும். ஆண் ஒருவர் தம் தெருவாரோடு சென்றதைக் கூறுமிடத்தில் தனி மனிதரா, கூட்டமா என்பது மூலத்தில் கலங்கியே நிற்கலாம். தமிழில் ‘போனேன்’, ‘போனோம்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பெண் கூறும்போது ‘மீ கேலே’ என்று வடிவம் வேறுபடுதலால் அக்கலக்கம் இல்லை. மாறாக, அவர் பெண் என்பதை வினைமுற்றே மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. தமிழ்த் தன்மை வினைக்குப் பால் காட்டும் ஈறு இன்மையின், பேபி காம்பளே, ஊர்மிளா பவார் முதலியோர் நூல்களில் அந்நினைவூட்டல் தவிர்க்க இயலாதவாறு மறையும். இதனை இழப்பெனக் குறித்துக்கொள்ளலாமேயன்றி ஈடுசெய்ய வழியில்லை.

‘ஆபண்’ என்னும் சொல்லின் பிற பயன்பாடுகளும் நோக்கத்தக்கன. அது தற்சுட்டாகவும் மரியாதை முன்னிலையாகவும் வரும். தமிழின் ‘நாம்’, ‘தாம்’, ‘தாங்கள்’ மூன்றும் செய்யும் பணியை அது ஒன்றே செய்கிறது. மும்பைத் தெரு இந்தியில் இதனோடு உறவுடைய ‘அபுன்’ என்பது ‘நான்’ என்னும் பொருளிலேயே வழங்குகிறது. ஆகவே ‘ஆபண்’ வருமிடமெல்லாம் ‘நாம்’ என எழுதுவதும் பிழையாகும்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது மரியாதை வழக்கு. மராத்தியில் தாயைக் குறிக்கும் ‘ஆயி’ என்பதற்கு ஒருமை வினையும் ‘தூ’ என்னும் நெருக்க முன்னிலையும் உரியன. ஆங்கிலத்தின் ‘ஷி’ இதனைக் காட்டாது. அதன்வழித் தமிழாக்குவோர் தாய்க்கு ‘அவர்’ என எழுதிவிட்டால், மகளுக்கும் தாய்க்கும் இடையிலிருந்த உரிமை மறைந்து மேடைப் பேச்சின் மரியாதை புகுந்துவிடும். தயா பவாரின் ‘பலுதா’வில் (1978) தக்டூ மாருதி பவார் என்னும் பழைய மனிதரும், படித்து எழுத்தாளரான தயா பவாரும் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றனர். ஒரே மனிதரின் இரு கூறுகள் உரையாடும் அவ்விடத்தில் ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்னும் தேர்வே நூலின் நடையை உறுதிசெய்யும்.

5. தொழிற்சொற்களும் சாதியும்

ஊர்மிளா பவாரின் தன்வரலாறு ‘ஆயதான்’ (2003). கொங்கண வழக்கில் மூங்கிலால் முடைந்த பொருள்களுக்குப் பொதுப்பெயர் அது. கணவரை இழந்தபின் அவருடைய தாய் மூங்கில் முடைந்து குடும்பத்தைக் காத்தார். அம்முடைதலோடு தம் எழுத்தை உறவுபடுத்தியே நூலாசிரியர் அப்பெயரைச் சூட்டினார். மாயா பண்டித்தின் ஆங்கிலப் பெயர்ப்பு ‘தி வீவ் ஆஃப் மை லைஃப்’ (2008). ஆங்கிலத்தின் ‘வீவ்’ என்பது கூடைக்கும் துணிக்கும் பொதுவானது. தமிழ் அவ்வாறன்று. தறியில் இட்டது நெய்தல். கையால் மாற்றி மாற்றிக் கோப்பது முடைதல். கோரைப்பாயைத் தறியிலிட்டு நெய்வர். ஓலைப்பாயையும் கூடையையும் முடைவர். ஆங்கிலத் தலைப்பைப் பின்பற்றி ‘என் வாழ்வின் நெசவு’ என எழுதினால் மூங்கில் மறைந்து நூல் தோன்றும். இது அணிநலப் பிழை மட்டுமன்று. நெசவும் முடைதலும் வெவ்வேறு சமூகத்தாரின் தொழில்கள். அவற்றுக்கு ஊர் தந்த மதிப்பும் வேறு. தவறான வினைச்சொல் ஒன்று நூலாசிரியரின் தாயை வேறொரு தெருவில் குடியமர்த்திவிடும்.

‘பலுதா’ என்பது ஊர்த்தொழில் செய்வோர்க்கு விளைச்சலில் அளிக்கப்பட்ட பங்கைக் குறிக்கும். ஜெர்ரி பிண்டோ தம் ஆங்கிலப் பெயர்ப்பில் (2015) அச்சொல்லை அவ்வாறே நிறுத்தினார். ஆங்கில வாசகர்க்கு அது தக்க முடிவே. தமிழிலோ அதே நிறுவனத்தைக் குறிக்க ‘மேரை’, ‘களச் சுதந்திரம்’ என்னும் பழைய வருவாய்த்துறைச் சொற்கள் உள்ளன. மூலச்சொல்லை மட்டும் வைத்தால் நம் ஊர்களிலும் இருந்த ஒரு முறை அயலானது போல் தோன்றும். ‘சுதந்திரம்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் விடுதலை என்றே கொள்வர். ‘உரிமை’ என்ற பெயரில் ஊழியத்தை நிலைப்படுத்திய இம்முறையின் முரண் அச்சொல்லிலேயே பொதிந்திருப்பது வியப்புக்குரியது. இத்தகைய ஊழியத்தின் அடிப்படையாகிய மகார் வதன் முறையை மாற்ற அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் என்பது சொல்லின் கனத்தை உணர்த்தும். தலைப்பில் ‘பலுதா’ என்றும், நூலுள் முதன்முறை வருமிடத்தில் ‘களத்து மேரை’ என்னும் விளக்கத்தோடும் எழுதுவது இரண்டு இடர்களையும் தவிர்க்கும்.

இலட்சுமண் மானேயின் ‘உபரா’ (1980) தனி நிலையுடையது. 1981ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசைப் பெற்ற அந்நூலின் ஆசிரியர், கூடை முடைந்து ஊர் ஊராகச் சென்ற கைக்காடிச் சமூகத்தவர். கைக்காடி மொழியோ திராவிட மொழிகளுள் தமிழுக்கு மிக நெருங்கியதாக வகைப்படுத்தப்படுவது. அந்நூலைத் தமிழாக்குவது ஒருவகையில் அச்சமூகத்தின் வீட்டுமொழிக்கு அருகில் மீண்டு வருவதாகும். ‘உபரா’ என்பதற்கு ‘அந்நியன்’ என்பது பொதுவான சொல். ‘வந்தேறி’ கூர்மையானது, எனினும் தமிழகத்தில் அதற்கு வேறோர் அரசியல் சாயல் ஏறியுள்ளது. ‘ஒட்டாதவன்’ என்பது மூலத்தின் வலிக்கு அருகில் வருகிறது. 1960களின் பிற்பகுதியில் மும்பையில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் வெளியார் எனச் சுட்டப்பட்டோருள் தமிழரும் இருந்தனர். அந்நகர்த் தமிழ் வாசகர்க்கு அத்தலைப்பு அயலார் கதையாக மட்டும் இராது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். மராத்தியின் ஆம்ஹி, ஆபண் வேறுபாட்டைத் தமிழ் முழுமையாகத் தாங்கவல்லது; ஆங்கில இடைமொழி அதனை அழிக்கிறது. எழுவாய் தொகுதல், மரியாதை வழக்கு, தொழில்வினைகள் ஆகியவற்றிலும் தமிழ் மூலத்திற்கு அண்மையில் நிற்கிறது. பால் காட்டும் தன்மை வினை போன்ற சிலவற்றிலேயே அது பின்தங்குகிறது. ஆங்கிலப் பெயர்ப்புகள் தத்தம் வாசகரை நோக்கிச் செய்யப்பட்டவை. அவற்றைக் குறைகூறுவதற்கு இடமில்லை; அவற்றை மூலமெனக் கொள்வதே குறை.

ஆங்கிலம் வழியே தமிழாக்க நேர்ந்தாலும், தன்மைப் பன்மை வருமிடங்களையேனும் மராத்தி அறிந்தவரைக் கொண்டு மூலத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். அத்தகையோரை நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. வடாலா, தாராவி, செம்பூர்ப் பகுதிகளில் வளர்ந்து இரு மொழிகளையும் தெருவிலும் பள்ளியிலும் கற்றவர்கள் பலர். ‘ஆம்ஹி’ என்று அண்டைவீட்டார் சொல்லும்போது தாம் அதில் அடங்குவோமா, மாட்டோமா என்பதை அவர்கள் இலக்கண நூலைப் பாராமலே அறிவர்.