மனத்திண்மையின் மதிப்பு: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றி ஒரு விசாரணை

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு இரு வகையான புகழ் உண்டு. பந்தை வளையத்துக்குள் இடும் சாமர்த்தியத்தால் வருவது ஒன்று. ஓயாத பிரயத்தனத்தாலும், அடிபட்டும் பின்வாங்காத மனத்திண்மையாலும் வருவது மற்றொன்று. எல்லைக்கோட்டைத் தாண்டப்போகும் பந்துக்காகத் தரையில் பாய்ந்து விழுபவரையும், தம்மினும் கனத்த எதிரி விரைந்துவரும் வழியில் அசையாமல் நின்று மோதலை மார்பில் ஏற்பவரையும், நாற்பது நிமிஷ ஆட்டத்தின் கடைசி நிமிஷத்திலும் முதல் நிமிஷத்து வேகத்தோடு ஓடுபவரையும் கண்டு அரங்கமே எழுந்து நின்று ஆரவாரிக்கிறது. பயிற்சியாளர்கள் அத்தகையவரையே புதிய மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். இந்தப் புகழ்ச்சி ரசிகர்களின் உற்சாகத்தோடு நின்றுவிடாமல், இளைஞர்களை உருவாக்கும் ஒரு கல்விக் கொள்கையாகவே வளர்ந்துவிட்டபடியால், அதன் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகிறது. உழைப்பைப் போற்றுவது நியாயம், வேதனையைப் போற்றுவது அநியாயம் என்பதும், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைக் காக்கத் தவறியதே அந்த மரபின் பெருங்குறை என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த ஆட்டம் பிறந்த கதையை இங்கே நினைப்பது பொருத்தமாகும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்கள் கூரையின் கீழ் ஆடுவதற்கென்று 1891 டிசம்பரில் இதை வகுத்தார். அக்காலத்து அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முரட்டுத்தனம் ஒரு சிறு அறைக்குள் நுழைந்தால் எலும்புகள் முறியும் என்பதை உணர்ந்து, பந்தோடு ஓடுவதைத் தடுத்து, இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, வன்மையாக வீசுவதால் பயனில்லாதபடி செய்தார் அவர். தோளால் இடிப்பதையும், பிடிப்பதையும், தள்ளுவதையும், தடுக்கி விழச்செய்வதையும் அவருடைய 13 விதிகளில் ஒன்று வெளிப்படையாகவே விலக்கியது. பலாத்காரத்தை நீக்குவதற்காகவே தோன்றிய ஓர் ஆட்டத்தில், அடிபடுவதும் அடிதாங்குவதும் உயர்ந்த லட்சணங்களாக மதிக்கப்படும் நிலை வந்துவிட்டது.

இருந்தாலும் இந்த மதிப்பு அர்த்தமற்றதென்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் அணியில் ஐவர் ஆடும்போது ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் பந்து இருக்கும். ஏனைய நால்வர் அந்தச் சமயத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் வெற்றி தோல்வி அமைகிறது. தோழனுக்கு வழிவிடும்பொருட்டு எதிரியை மறித்து நிற்பது, பந்தை இழந்தவுடன் வருந்தி நிற்காமல் தன் பக்கத்து வளையத்தை நோக்கித் திரும்பி ஓடுவது, காவலில் இருக்கும்போது வாய்விட்டுப் பேசித் தோழர்களை எச்சரிப்பது முதலிய காரியங்கள் மறுநாள் பத்திரிகையில் அச்சாகும் எண்களில் இடம்பெறுவதில்லை. 1980-களில் ட்யூக் பல்கலைக்கழகத்துக்கு ஆடிப் பின்னர் வழக்கறிஞராகவும் விமரிசகராகவும் விளங்கும் ஜே பிலாஸ், மனத்திண்மையைப் பற்றி 2013-இல் ஒரு நூலே எழுதினார். முறைத்துப் பார்ப்பதும் மார்தட்டுவதும் மனத்திண்மை ஆகா என்பதும், யாரும் கவனியாத இத்தகைய கடமைகளை ஒவ்வொரு முறையும் சிரத்தையோடு செய்வதே அது என்பதும் அவர் கொள்கை. இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால், உழைப்பைப் பாராட்டுவதென்பது சுயநலமின்மையைப் பாராட்டுவதேயாகும்.

இதற்கு உதாரண புருஷர்கள் பலர் உண்டு. கென்டக்கி மாநிலத்தில் அதிகம் பேர் அறிந்திராத மோர்ஹெட் ஸ்டேட் கல்லூரியில் பயின்ற கென்னத் ஃபரீடு, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பற்றும் 'ரீபவுண்டு' என்னும் கலையில், கல்லூரி வாழ்வில் மொத்தம் 1,673 என்ற எண்ணோடு 2011-இல் டிம் டங்கனின் நவீன காலச் சாதனையை முறியடித்தார். அதே ஆண்டுத் தேசியப் போட்டியில் அவருடைய சிறிய கல்லூரி, புகழ்பெற்ற லூயிவில் பல்கலைக்கழகத்தை 62–61 என்ற கணக்கில் வென்றது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் டைலர் ஹான்ஸ்பரோ, 2007-இல் ட்யூக் அணியோடு ஆடுகையில் எதிரியின் முழங்கை பட்டு மூக்குடைந்தும், முகக்கவசம் அணிந்து ஆட வந்தார். 2008-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்ற பிறகும், தொழில்முறை ஆட்டத்தின் செல்வத்தை நாடிப் போகாமல் நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே தங்கி, 2009-இல் தம் அணிக்குத் தேசிய வாகையைத் தேடித்தந்தார். கல்லூரி வாழ்வில் அவர் அடித்த 982 ஃப்ரீ த்ரோக்கள், அதாவது எதிரியின் விதிமீறலாகிய 'ஃபவுலுக்கு' ஈடாகக் கிடைத்த எறிகள், எத்தனை முறை அவர் எதிரிகள் நெருக்கி நிற்கும் இடத்துக்குள் அஞ்சாமல் புகுந்து அடிபட்டார் என்பதற்குச் சான்றாகும்.

ஆனாலும் பிரயத்தனம் ஒன்றே எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்ற உபதேசத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. இண்டியானாபொலிஸ் நகரத்து பட்லர் பல்கலைக்கழகத்தின் 2011-ஆம் ஆண்டுக் கதையே இதற்கு இருபுறமும் சாட்சி சொல்லும். பிட்ஸ்பர்க் அணியோடு சமநிலையில் இருந்தபோது, எதிரி தவறவிட்ட ஃப்ரீ த்ரோவைப் பற்றிக்கொண்ட மாட் ஹாவர்டு, ஆட்டம் முடிய 0.8 விநாடி இருக்கையில் ஃபவுலுக்கு உள்ளாகி, அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவால் 71–70 என்று வெற்றி தேடித்தந்தார். முடிந்துபோனதென்று மற்றவர்கள் நினைத்த ஆட்டத்தை முடியாததாகக் கருதிய மனத்தின் வெற்றி அது. அந்த மனத்தோடே அவ்வணி இறுதி ஆட்டம் வரை சென்றது. அங்கே கனெக்டிகட் அணியை 53 புள்ளிகளுக்குள் அடக்கியும் தோற்றது. காரணம், தான் எறிந்த 64 முறைகளில் 12 முறைதான் பந்து வளையத்துள் விழுந்தது. அன்று பட்லர் வீரர்களின் உழைப்பில் குறை கண்டவர் எவருமில்லை. நீண்டு உயர்ந்த எதிரிகளின் கைகளுக்கு மேலாக எறியும் நிலை வந்தபோது உழைப்பு மட்டும் போதவில்லை.

பிரயத்தனத்தை அளவுக்கு மீறிப் போற்றுவதில் வேறோர் அநீதியும் மறைந்திருக்கிறது. பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதை எறிந்த கணத்திலேயே கணித்து, எதிரியை முதுகால் அடைத்து, தக்க நொடியில் எழும்புவதற்கு வேண்டிய நுண்ணறிவு, 'அயராத உழைப்பு' என்ற பாராட்டுக்குள் அமிழ்ந்துபோகிறது. அதற்கும் மேலாக, வர்ணனையாளர்கள் வெள்ளை இன வீரர்களிடம் உழைப்பையும் அறிவையும், கறுப்பின வீரர்களிடம் பிறவியிலேயே வாய்த்த சரீர வலிமையையும் கண்டு பேசும் பழக்கமுடையவர்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பல்லாண்டுப் பயிற்சியால் ஈட்டியதை இயற்கையின் கொடை என்று சொல்வது, அவர் சிந்திய வியர்வையை அவரிடமிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

ஆட்டத்தின் அழகுக்கும் இம்மரபால் ஊறு விளைந்ததுண்டு. இடிப்பதையும் கையால் தடுப்பதையும் நடுவர்கள் எல்லாச் சமயத்திலும் தண்டிக்க இயலாது என்பதை அறிந்த பயிற்சியாளர்கள், முரட்டுக் காவலையே ஒரு கோட்பாடாக வளர்த்தார்கள். அதன் பயனாக 2012–13 பருவத்தில் அணிகளின் சராசரிப் புள்ளிகள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்குத் தாழ்ந்தன. அடுத்த பருவத்திலேயே கையால் தடுப்பதற்கு எதிரான விதிகளைக் கடுமையாக்க நேர்ந்தது. 'சார்ஜ்' என்று சொல்லப்படும் மோதலை வலிய ஏற்கும் உபாயமும் இத்தகையதே. உண்மையில் முன்னதாகவே இடம்பிடித்து நிற்பவர் துணிவுடையவர்தாம். ஆனால் எதிரி காலூன்றி எழும்பும் தருணத்தில் அவருக்குக் கீழே போய் நிற்பவர், அந்தரத்தில் தம்மைக் காத்துக்கொள்ள வகையற்ற ஒருவரை அபாயத்துக்கு உள்ளாக்குகிறார். 2011-இல் வளையத்துக்குக் கீழே ஒரு வளைகோட்டை வரைந்ததும், 2013-லும் 2023-லும் இவ்விதியைத் திரும்பத் திரும்பத் திருத்தியதும், துணிவு என்ற பெயரால் நிகழ்ந்த தவறுகளுக்குப் பரிகாரம் தேடியதன்றி வேறென்ன?

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருத்த முடியாத நஷ்டம் சரீரத்தைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கி உள்ளே சென்ற மிச்சிகன் ஸ்டேட் அணித் தலைவர் மட்டீன் கிளீவ்ஸ், நொண்டியபடியே திரும்பிவந்து தம் அணியின் வெற்றியைக் கண்டார். 2008-இல் டென்னஸி பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் பார்க்கர், தோள்மூட்டு நழுவியும் திரும்பிவந்து ஆடி, மகளிர் தேசிய வாகையை வெல்லத் துணை செய்தார். இருவரையும் நாடு கொண்டாடியது. ஆனால் இதே கொண்டாட்டத்தின் மறுபக்கத்தில் ஹாங்க் கேதர்ஸின் பெயர் இருக்கிறது. லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 1988–89 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 32.7 புள்ளிகளும் 13.7 ரீபவுண்டுகளும் பெற்று, இரண்டிலும் நாட்டில் முதல்வராக நின்றவர். 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே மயங்கி விழுந்தபோது அவருடைய இதயத் துடிப்பில் கோளாறு கண்டறியப்பட்டு மருந்தும் கொடுக்கப்பட்டது. அம்மருந்து உடலைத் தளர்த்தி ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று அவர் வருந்தியதால், அதன் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4-ஆம் தேதி, தம் கல்லூரி அரங்கிலேயே, மறுபடி விழுந்த அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 23.

கிளீவ்ஸின் கணுக்காலையும் கேதர்ஸின் இதயத்தையும் சமமாக வைத்துப் பேசுவது மருத்துவ நியாயமாகாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் வலி வந்தால் வெளியேறுவது பலவீனம் என்று பால்யம் முதல் கேட்டு வளர்ந்த ஓர் இளைஞனுக்கு, சுளுக்கு எது, எமன் எது என்று பிரித்தறியும் பொறுமை ஆட்டத்தின் உச்சத்தில் எங்கிருந்து வரும்? திரும்பிவந்தவர் வென்றால் வீரர் என்றும், வீழ்ந்தால் துரதிருஷ்டசாலி என்றும் சொல்கிற உலகம், இருவரையும் களத்துக்குத் திரும்பத் தூண்டியது ஒரே உபதேசம்தான் என்பதை மறந்துவிடுகிறது.

அந்த உபதேசத்தைச் செய்பவர்களின் அதிகாரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 1976-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தேசிய வாகை சூடிய இண்டியானா அணியின் பயிற்சியாளர் பாப் நைட், ஒரு மாணவரின் கழுத்தைப் பற்றிய காட்சி 2000-ஆம் ஆண்டில் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அவர் பதவி நீக்கப்பட்டார். 2013-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மைக் ரைஸ், மாணவர்களைத் தள்ளியும் பந்தால் அடித்தும் இழிமொழி பேசியும் பயிற்சி நடத்திய காட்சி வெளியான பிறகே வேலையை இழந்தார். இவ்விரு செய்கைகளும் வெளியார் கண்ணில் படும்வரை 'மனத்தை உறுதியாக்கும் பயிற்சி' என்ற திரைக்குள் நடந்தேறின. மாணவர்கள் ஏன் பொறுத்தார்கள் என்று கேட்பவர்கள், 1973 முதல் 2012 வரை உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒன்றாகவே இருந்தது என்பதை அறியவேண்டும். எதிர்த்துப் பேசுபவர் அடுத்த ஆண்டு படிப்பையே இழக்கக்கூடும். 2010-இல் தேசியப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விலைபோயிற்று. தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் ஈட்டும் உரிமை ஆட்டக்காரர்களுக்கு 2021-இல்தான் கிடைத்தது. தியாகத்தைப் போதித்தவர்கள் அதன் பலனைத் தாம் அனுபவித்தார்கள் என்றால், அந்தப் போதனையின் நேர்மையைச் சந்தேகிப்பது குற்றமாகாது.

இவ்வளவையும் எடைபோட்டுப் பார்க்கையில் எனக்குத் தோன்றும் முடிவு இதுதான். பிரயத்தனம் என்பது அதைச் செய்பவருக்கே சொந்தமாக இருக்கும்வரை அதனினும் உயர்ந்த குணம் விளையாட்டில் இல்லை. ஹாவர்டு பந்துக்காகப் போராடியதும், ஹான்ஸ்பரோ நான்காம் ஆண்டு தங்கியதும் அவரவர் மனம் உவந்து செய்தவை. நிறுத்திக்கொள்ளும் உரிமை பறிபோன இடத்தில் அதே பிரயத்தனம் அடிமைத்தனமாகிவிடுகிறது. ஆகையால் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் ஸ்தாபனங்கள், அவர் எத்தனை ஆட்டங்களை வென்றார் என்பதோடு, உடம்பு முடியவில்லை என்று சொன்ன மாணவரை அவர் எப்படி நடத்தினார் என்பதையும் விசாரிக்கவேண்டும். ஒருவர் ஆடலாமா கூடாதா என்ற முடிவில் மருத்துவருக்கே இறுதி அதிகாரம் உண்டென்று 2016-இல் ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் விதித்தது நல்ல தொடக்கம். அவ்விதி சிறிய கல்லூரிகளிலும் எழுத்தளவில் நில்லாமல் நடைமுறைக்கு வரவேண்டும். பார்வையாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. தரையில் பாய்ந்து பந்தை மீட்பவருக்கு ஆரவாரிப்போம். மருத்துவர் சொல்கேட்டு ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்கும் அதே மரியாதையை அளிப்போம். தன் ஆற்றலின் எல்லையை அறிந்து அடங்குவதற்கும் மனத்திண்மை வேண்டும் என்பதை அங்கீகரிக்கும் நாளில்தான், இந்த மரபு தன் பெருமைக்குத் தகுதியுடையதாகும்.