ஒயிட்ஃபீல்டின் பண்ணை வீடுகள்: காக்க வேண்டியது எதை?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டின் இன்னர் சர்க்கிளில் மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முகப்பைத்தான் புகழ்கிறார்கள்: கூரான முக்கோணச் சுவர், கூரை விளிம்பில் மர வேலைப்பாடு, ஜன்னல்மேல் துருத்தி நிற்கும் 'மங்கி டாப்'. இங்கிலாந்துக் கிராமத்துப் பண்ணை வீட்டை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள். இந்தப் புகழ்ச்சி தவறான இடத்தில் விழுகிறது. இவ்வீடுகளின் தகுதி முகப்புக்குப் பின்னால் இருக்கிறது. மாற்றிக் கட்டுகிறவர்கள் முதலில் இழப்பதும் அதைத்தான்.

1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றத்துக்காக ஏறத்தாழ 3,900 ஏக்கர் வழங்கினார். சர்க்கார் உத்தியோகத்தையே நம்பிக் கிடந்த தம் மக்கள் மண்ணில் உழைத்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது ஆங்கிலோ-இந்தியர் தலைவர் டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட்டின் கனவு. ஊர் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நடுவே பொதுத் திடல், சுற்றி வட்டமாக வீடுகள், அதற்கப்பால் நிலம். தண்ணீர் குறைந்த பூமியில் விவசாயம் நினைத்தபடி கைகொடுக்கவில்லை. பண்ணை தோற்றது, வீடு நின்றது. ஆகவே பண்ணை வீடு வெறும் குடியிருப்பானது நேற்று நடந்த காரியமில்லை.

உள்ளே போகப் போக இங்கிலாந்து குறைந்துகொண்டே வருகிறது. அந்நாட்டுப் பழைய பண்ணை வீடு கணப்படுப்பைச் சுற்றிக் கட்டப்பட்டது. தாழ்ந்த கூரையும் சிறிய ஜன்னலும் சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான். பெங்களூர் பங்களாவின் வேலை நேர் எதிரானது. உயர்ந்த கூரைக்கு ஏறும் வெப்பக் காற்று மேலே இருக்கும் வென்டிலேட்டர் வழியே வெளியேறும். முன்னால் ஆழமான வராண்டா இருப்பதால் உச்சி வெயில் ஹால் சுவரைத் தொடாது. சமையலறை பின்கட்டில் தள்ளி நிற்கும், புகை வீட்டுக்குள் வராது. மேலே மங்களூர் ஓடு: பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய கூரை அது. மங்கி டாப்பையும் வெறும் அலங்காரம் என்று ஒதுக்க மாட்டேன். சாரல் அடிக்கும்போதும் ஜன்னலைத் திறந்து வைக்க அது இடம் கொடுக்கிறது. ஆனால் வராண்டாவை எடுத்துவிட்டு அதை மட்டும் வைத்தால் வீடு மூச்சு முட்டும்.

மாற்றங்களை எடைபோட எனக்கு உதவும் ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ். 1600 வாக்கில் எழுந்த, விவசாயக் குடும்பம் வாழ்ந்த இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் மேனரை அவர் 1871இல் வாடகைக்கு எடுத்துத் தம் கிராமத்து வீடாக்கிக்கொண்டார். 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். புதுப்பிக்கிறோம் என்று பழஞ்சுவரைச் சுரண்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அன்றாடம் பராமரியுங்கள், வசதி போதாவிட்டால் பழையதைச் சிதைக்காமல் தனியே புதிதாகக் கட்டுங்கள் என்பதே அவர் கட்சி.

இந்த அளவுகோலில் மூன்று வகை மாற்றங்களை நிறுத்திப் பார்க்கிறேன். பின்கட்டில் புதுச் சமையலறையும் குளியலறையும் சேர்த்து, முன் அமைப்பைத் தொடாமல் விட்ட வீடு தேறுகிறது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர்மேல் சிமென்ட் பூசி, வராண்டாவைக் கண்ணாடியால் அடைத்து அறையாக்கிய வீடு தேறாது. சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே சிறைபிடிக்கும், சில மழைக்காலங்களில் சுவர் உப்புப் பூத்து உதிரும். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் அடுக்குமாடி எழுப்புவது எல்லாவற்றிலும் மோசம். பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் இடிப்பு அது. பார்ப்பவரை ஏமாற்றுவதால், முழு இடிப்பைவிடவும் எனக்கு அது கசக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைப் பெங்களூரின் நெருக்கமான குடியிருப்பான ஈஜிபுராவில் இருந்துகொண்டு தள்ளிவிட முடியாது. இங்கே 20க்கு 30 அடி சைட்டில் மூன்று நான்கு மாடி எழுப்பியிருக்கிறார்கள், தளத்துக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அடுத்த வீட்டுச் சுவரைக் கை நீட்டித் தொடலாம். பகலிலும் படிக்கட்டில் லைட் எரிகிறது. இதே ஊரில் ஒரு குடும்பத்துக்கு இத்தனை தோட்டம் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்விதான். நிலத்தைப் பகிர வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஐடி பூங்கா வந்தபின் ஒயிட்ஃபீல்டில் நிலம் விற்ற விலைக்கு எளியவர்களா அந்த அடுக்குமாடிகளில் குடியேறினார்கள்? பழைய வீடு போனது. ஈஜிபுராவுக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு இது. முக்கோணச் சுவருக்கும் மரவேலைக்கும் இரண்டாம் இடமே கொடுப்பேன். வராண்டாவின் ஆழம், கூரையின் உயரம், எதிரெதிர்த் திறப்புகள், மழை நீர் இறங்க மண்: இந்த நான்கும் இருக்கும் வீட்டைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும், உரிமையாளருக்கு வரிச்சலுகையும் வேண்டும். இவை போய் முகப்பு மட்டும் நிற்கும் கட்டடத்துக்குப் பாரம்பரியப் பட்டம் கொடுக்கக் கூடாது. எதிரெதிர்த் திறப்பையும் மேல் வென்டிலேட்டரையும் 20க்கு 30 சைட்டிலும் வைக்கலாம். பிளான் போடும் இன்ஜினியரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.